ஃபுல்லில் ஒரு எல் குறைகிறது

மதராஸ் துறைமுகத்தில் தகரப் பெட்டியும் கையுமாக நான் இறங்கி நின்ற முதல் நிமிடத்தில், மூட்டை சுமந்து வந்த ஒருவர் என் விலாவில் முழங்கையால் ஓர் இடி கொடுத்து, "நவுருபா!" என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். கிண்டலுக்கு இல்லை, மனசாரத்தான். ரங்கூனில் பிறந்து வளர்ந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். பர்மியப் பேச்சில் ஒரு வினைச்சொல்லின் வாலில் 'பா' ஒட்டிவிட்டால் கட்டளை அந்த இடத்திலேயே வேண்டுகோளாகிவிடும். 'லா' என்றால் வா. 'லாபா' என்றால் தயவுசெய்து வாருங்கள். ஆகவே என் காதில் விழுந்தது 'ஐயா, சற்று நகர்ந்துகொள்ள முடியுமா' என்பதுதான். மூட்டை தூக்குகிறவரே இவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்றால், இந்த ஊரில் படித்தவர்கள் எப்படிப் பேசுவார்களோ என்று புல்லரித்துப் போய் நின்றேன். அடுத்து ஜட்கா வண்டிக்காரர் "ஏறுபா" என்றார். போலீஸ்காரர் "இன்னாபா முழிக்கிறே?" என்றார். நான் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே போனேன். இங்கே பெற்ற மகளும் பா, வண்டி மாடும் பா, பஞ்சரான சைக்கிள் டியூப்பும் பாதான் என்பது புரிவதற்குள் ஒரு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் தேவைக்கு மேல் கும்பிட்டுத் தீர்த்துவிட்டேன்.

என்னோடு ரங்கூனில் படித்துவிட்டு இப்போது காரைக்குடி, கும்பகோணம், விசாகப்பட்டணம் என்று மூலைக்கொருவராய்ச் சிதறிக் கிடக்கும் பயல்களே, நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கையால்தான் எழுதுகிறேன், ஆனால் டைப் அடித்துப் பழகிய விரல்கள், நிறுத்தற்குறிக்கெல்லாம் காத்திருக்காது. 'தாய்நாடு திரும்பியாச்சே, எப்படி இருக்கிறது?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாய்நாடு சரி. திரும்பியது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. முன்பு ஒருமுறையாவது வந்திருந்தால்தானே திரும்ப முடியும்? எனக்கு இது புது நாடு. பழைய நாட்டில் யுத்தம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆவடியில் புதிதாய் முளைத்திருக்கும் பட்டாளக் கிடங்கில் டைப்பிஸ்ட்டாக இருக்கிறேன். குடியிருப்பது கரையான்சாவடியில், ஏழுமலை என்கிற மாட்டுவண்டிக்காரர் வீட்டுப் பக்கத்து அறையில். நிலமும் கொஞ்சம் உண்டு அவருக்கு. பூந்தமல்லிச் சந்தைக்கு மல்லிகையும், ஆவடிக் கிடங்குக்கு வைக்கோலும் ஏற்றிப் போவார். மனைவி முனியம்மா, மகள் கஸ்தூரி. சாப்பாடும் அங்கேதான்.

அந்த வீட்டில் என் முதல் காலை இப்படித் தொடங்கியது. கதவுக்கு வெளியே கஸ்தூரியின் குரல்: "அண்ணாத்தே, உள்ள கீறியா?" கையில் சவரக் கத்தியோடு நின்றிருந்த எனக்குத் திக்கென்றது. "எதையும் கீறவில்லை, சவரம் செய்துகொண்டிருக்கிறேன்!" என்று கத்தினேன்.  பிறகு, "நைனா, உள்ள கீறியான்னு கேட்டா கீறலன்றான். உள்ள இல்லாதவன் எங்கேர்ந்து பேசறான்?" என்று அவள் ஏழுமலையைக் கேட்டது காதில் விழுந்தது. 'இருக்கிறேன்' என்பது இங்கே 'கீறேன்' ஆகிவிடும் என்று எந்தத் தமிழ்ப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. பி.ஏ. படித்தவன், இலக்கணப் பரிசு வாங்கியவன், இருக்கிறேனா இல்லையா என்ற எளிய கேள்விக்கே முதல் நாள் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன்.

அந்த அவமானத்தை ஈடுகட்டத்தான் நான் இங்கிலீஷைத் தூக்கிப் பிடித்தேன். எனக்கு அந்த மொழியில் ரொம்பப் பிடித்தது வார்த்தைகளின் வால்கள்தான். ஒரே தலை, வால் மாறினால் ஆளே மாறிவிடுவான். 'கேர்' என்றால் கவனம். 'ஃபுல்' ஒட்டினால் கவனமானவன், 'லெஸ்' ஒட்டினால் கவனமில்லாதவன். முந்தையவனுக்கு வேலை கொடுப்பார்கள், பிந்தையவனை வேலையை விட்டுத் துரத்துவார்கள். நாலே எழுத்தில் ஒருவன் பிழைப்பு போய்விடும். இப்படியெல்லாம் நான் சாப்பாட்டு வேளையில் விளக்கினால் ஏழுமலை வாயைப் பிளந்து கேட்பார். கஸ்தூரி மட்டும் கேட்டுக்கொண்டே என் தட்டில் ரசத்தை அதிகமாக ஊற்றிவிடுவாள்.

கிடங்குப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'எவாகுவீ' என்று எழுதியிருந்தார்கள். அதை ஒருநாள் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

"இன்னாபா அது, கடசீல ஈ கீது?" என்றார் ஏழுமலை.

"அது ஒரு வால், அண்ணே. 'அர்' ஒட்டினால் செய்கிறவன். 'ஈ' ஒட்டினால் செய்யப்படுகிறவன். வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வாங்கிக்கொள்பவன் எம்ப்ளாயீ. ஊரை விட்டுக் கிளப்பப்பட்டவன் எவாகுவீ."

"அதான் சோத்து வாசன வந்த ஒடனே பறந்து வந்து குந்திக்கிறான்," என்றாள் கஸ்தூரி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, நீ ஈ. உன்னக் கெளப்பினது யாரு? எவாகுவரா?" என்று கேட்டாள்.

இலக்கணப்படி அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தப் பேருக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. சட்டென்று பேச்சைக் கப்பலுக்குத் திருப்பினேன். அங்கேதான் நான் செய்த சின்ன விஷமம். "நீ வந்த கப்பல் பேரு இன்னாபா?" என்று ஏழுமலை கேட்க, "ஹார்ட்ஷிப்" என்றேன். கஷ்டம் என்று அர்த்தம். 'ஷிப்' என்கிற வால் தனியே நின்றால் கப்பல், ஒட்டினால் வெறும் நிலை. திறந்த மேல்தளத்தில் நானூறு பேரோடு கிடந்து, கடல் தண்ணீரில் வேகவைத்த அரிசியைத் தின்று வந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான கப்பல் பெயர் ஏது? ஆனால் ஏழுமலை அதை அப்படியே நம்பிவிட்டார். சந்தைக்குப் போன இடமெல்லாம், "எங்க ஊட்டுப் பையன் ஹார்ட்ஷிப்ல வந்தான், பெரிய கப்பலாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் திருத்தவில்லை. சிரிப்பாக இருந்ததே, எப்படித் திருத்துவது?

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கஸ்தூரிக்குத் திருமழிசையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பெயர் வரதன். திருவிழாவில் ஒருமுறை அவள் அவனைப் பார்த்திருக்கிறாள். அவன் தன் குடையிலேயே தடுக்கி விழுந்து, எழுந்து, குடையிடம் மன்னிப்புக் கேட்டானாம். "அவ்ளோதான், முடிவு பண்ட்டேன்," என்று முனியம்மாவிடம் அவள் சொன்னதை நானே கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அந்த வாரம் முழுக்க என் தட்டில் ரசம் அளவாக விழுந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் கிடங்கில் ஆறு கம்பளிகள் காணாமல் போயின. அன்றைக்குக் கிடங்குக்குள் போய் வந்த வெளி வண்டி ஏழுமலையுடையது ஒன்றுதான். வாசல் காவலில் அவரைப் பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ரோட்டில் போன அத்தனை வண்டிக்காரர்களும் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பளிகள் அடுத்த கொட்டகையில், தார்ப்பாய் அடியில், எண்ணிக்கை பிசகாமல் கிடந்தன. யாரோ இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். கிடங்கில் அதோடு விஷயம் முடிந்தது. திருமழிசையில் அப்போதுதான் தொடங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆள் அனுப்பினார்: 'இவர் மேல குத்தம் இல்லன்னு துரை கையெழுத்துல காயிதம் வரட்டும். அது வர்ற வரைக்கும் முகூர்த்தப் பேச்சு வேணாம்.'

கிடங்குக்குப் பொறுப்பான வெள்ளைக்காரக் கேப்டன் நல்ல மனிதர். "பாவம் அந்தக் கிழவர், நீயே ஏதாவது எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்," என்றார். ஏழுமலைக்கு வயது நாற்பத்தைந்துதான், ஆனால் கேப்டனுக்கு இருபத்தாறு. நான் என் முழுப் படிப்பையும் அந்தக் காகிதத்தில் இறக்கினேன். குற்றமற்றவர் என்பதற்கு 'பிளேம்லெஸ்'. பிழையற்றவர் என்பதற்கு 'ஃபால்ட்லெஸ்'. கறையற்ற நடத்தை என்பதற்கு 'ஸ்பாட்லெஸ்'. ஒரே வாக்கியத்தில் மூன்று. அடித்து முடித்து நானே இரண்டு முறை வாசித்துப் பார்த்து ரசித்தேன். சைக்கிளில் பருத்திப்பட்டு வழியாக வரும்போது என் முதுகில் நானே தட்டிக்கொள்ளாத குறை.

தாய்மாமன் மறுநாள் நேரிலேயே வந்தார். பெயர் பார்த்தசாரதி. சைனா பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷம் பில் எழுதியவர் என்பதால் பில்லு மாமா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சட்டைப்பையில் இரண்டு பேனா. காகிதத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"பிளேம்னா குத்தம், தெரியும்," என்றார். "அப்பறம் லெஸ்ஸு. இன்னாபா ஏழுமலை, துரை உனக்குக் குத்தத்துல கொஞ்சம் லெஸ் குடுத்துகீறாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "லெஸ் என்றால் இல்லாத என்று அர்த்தம், ஐயா," என்றேன்.

"யாரு கிட்ட சொல்றே? இருவது வருசம் லெஸ்ஸு எழுதின கை இது. சேலை இவ்ளோ, லெஸ் இவ்ளோ. லெஸ்ஸுன்னா தள்ளுபடி. சரக்குல ஓட்ட கீதுன்னாதான் முதலாளி லெஸ் போடுவாரு." அவர் விரல் அடுத்த வார்த்தைகளுக்குத் தாவியது. "இங்க பாரு, ஃபால்ட்டுல ஒரு லெஸ்ஸு. ஸ்பாட்டுல ஒரு லெஸ்ஸு, அதாவது கறை கொஞ்சம் கம்மி. ஒரே ஆளுக்கு மூணு லெஸ் குடுத்துகீறாருன்னா சரக்கு எவ்ளோ மோசம்னு நீயே சொல்லு."

ஏழுமலை என்னைப் பார்த்தார். கம்பளி விஷயத்தில்கூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. நான் பதறிப் போய், "நம்புங்கள் ஐயா, அந்த வால் ஒட்டினால் அந்தக் குணமே துளியும் கிடையாது என்று பொருள். நான் பி.ஏ.," என்றேன்.

ஏழுமலை எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஆமா மாமே, படிச்ச பையன். ரங்கூன்லேர்ந்து ஹார்ட்ஷிப்னு ஒரு கப்பல்ல வந்தான்," என்று சொல்லிவைத்தார்.

பில்லு மாமா என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "ஹார்ட்ஷிப்பா? எங்க முதலாளி துரைக்கு எழுதற கடுதாசில எல்லாம் அந்த வார்த்த வரும். ஹார்ட்ஷிப்னா கஷ்டம். கப்பலும் இல்ல, கட்டுமரமும் இல்ல." ஏழுமலையிடம் திரும்பினார். "உன் ஊட்ல குந்திகினு உன் சோத்தத் துன்னுகினு உன்னையே டபாய்க்கிறான். இவன் அடிச்ச காயிதம், இவன் சொல்ற அர்த்தம். நான் எத நம்பறது?"

அவர் போன பிறகு வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஏழுமலை மெல்ல, "அப்ப அது கப்பல் இல்லியாபா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை, அண்ணே." "பத்துப் பேர் கிட்ட சொல்லிகீறேன்," என்றார். முனியம்மா சோறு போட்டார். ரசமே வரவில்லை. கஸ்தூரி சமையலறையைவிட்டு வெளியே வரவேயில்லை. ரங்கூனில் எங்கள் தெருவில் வைக்கோல் வண்டிக்காரர் பெண்ணின் கல்யாணம் ஒரு பி.ஏ.வின் விஷமத்தால் நின்றிருந்தால், அடுத்த நாளே நான் வீடு மாறிப் போயிருப்பேன். அங்கே தெருக்களுக்கெல்லாம் எண்தான், பெயரில்லை. ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணுக்குப் போய்விட்டால் யாரும் தேடமாட்டார்கள். கரையான்சாவடியில் எங்கே போய் ஒளிவது? நூம்பலில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர்வரை என்னை 'ஏழுமலை ஊட்டு ஈ' என்றுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

தள்ளுபடி ஆகாது என்றால் முழுசாகவே கொடுத்துவிடுவோம் என்று நானே முடிவு செய்து, மறுநாள் கேப்டனிடம் போய் நின்றேன். "சார், லெஸ் வேண்டாமாம். ஃபுல் வேண்டுமாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிளேம்ஃபுல்? அந்த மனிதரைக் குற்றம் நிறைந்தவர் என்று எழுதச் சொல்கிறார்களா?"

"இல்லை சார். அவர்களுக்கு லெஸ் என்றால் கொஞ்சம்."

"கொஞ்சம் குற்றமா?"

"ஆமாம் சார். அதாவது இல்லை சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்குத்தான் எதுவும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். இந்த முறை நான் லெஸ் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. 'ட்ரூத்ஃபுல்', 'ஃபெய்த்ஃபுல்', 'கேர்ஃபுல்'. உண்மை நிறைந்தவர், விசுவாசம் நிறைந்தவர், கவனம் நிறைந்தவர். மூன்று லெஸ்ஸுக்கு மூன்று ஃபுல். அடிக்கும்போதே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையும் நானும் வண்டி கட்டிக்கொண்டு திருமழிசை போனோம். பில்லு மாமா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பக்கத்தில் வரதன் நின்றுகொண்டிருந்தான், கையில் அதே குடை. மாமா காகிதத்தைப் பிரித்தார். 'ஃபுல்' என்று வாய்விட்டுப் படித்தபோது முகத்தில் வெளிச்சம் வந்தது. ஏழுமலை மோரை ஒரு வாய் குடித்தார். அப்புறம் மாமாவின் விரல் காகிதத்தில் ஓர் இடத்தில் நின்றது. பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலேயே அந்த இடத்தைத் தட்டினார்.

"ஃபுல்லுக்கு எத்தினி எல்?"

எனக்கு அந்தக் கணமே மோர் புரையேறிவிட்டது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"ரெண்டு," என்று அவரே சொன்னார். "ஃபுல் பீஸ், ஃபுல் கை சட்ட, எல்லாத்துக்கும் ரெண்டு எல் போட்டுதான் எழுதுவேன். இங்க ஒண்ணுதான் கீது. அடுத்ததுல? ஒண்ணு. மூணாவதுல? அதுலயும் ஒண்ணு. மூணு ஃபுல்லுலயும் ஒவ்வொரு எல்லக் காணோம்." அவர் ஏழுமலையைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஆறு கம்பளிக்குப் பிறகு மூன்று எல்.

"ஐயா, வாலாக ஒட்டும்போது ஒரு எல் உதிர்ந்துவிடும், அதுதான் விதி," என்றேன்.

"ஒட்டும்போது உதுருமா? நல்லா கீதுபா உன் கத. ஒட்டினா சேரணும். உதுந்தா அது ஒட்டல."

இதற்கு இலக்கணப் பரிசு வாங்கியவனிடம் பதில் கிடையாது, நண்பர்களே. உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். நிறைவு என்று பொருள் தருகிற வார்த்தைக்கே ஏன் ஓர் எழுத்துக் குறைய வேண்டும்? இத்தனை வருஷம் படித்தும் எனக்கு அது தோன்றியதே இல்லை. வரதன் மட்டும் மெதுவாக, "மாமா, மோராவது ஃபுல்லா குடிக்கட்டும், அப்பறம் கேளு," என்றான். அவன்மேல் எனக்கு அப்போது ஏற்பட்ட மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. மாமா காகிதத்தை மடித்து ஏழுமலையிடமே கொடுத்தார். "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பறம் நூம்பல்ல ஒரு பொண்ணு சொல்றாங்க."

வண்டி திரும்பி வரும் வழியெல்லாம் ஏழுமலை மாடுகளோடு மட்டும்தான் பேசினார். நசரத்பேட்டையைத் தாண்டும்போது, "நட பா, நீயாவது நட," என்று மாட்டின் முதுகில் கை வைத்தார். அவர் குரலில் அந்தப் 'பா' கட்டளை மாதிரியே இல்லை. பர்மிய 'பா' மாதிரி இருந்தது. நான் வைக்கோல்மேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டு வாசலில் கஸ்தூரி நின்றிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள். எட்டு நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"இந்த தபா இன்னா?"

காணாமல் போன 'எல்' எழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன்பா, உங்க இங்கிலீஸ்ல எல்லா வார்த்தைக்குமே வாலு உண்டா?"

"எல்லாவற்றுக்கும் இல்லை."

"வாலே இல்லாத வார்த்த ஒண்ணு கூடவா தெரியாது உனக்கு? பி.ஏ. படிச்சேல்ல? மொட்டையா ஒண்ணு எழுதேன். புடிச்சுத் தொங்கறதுக்கு அந்தாளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது."

பயல்களே, கேட்டீர்களா? வார்த்தைக்கு வால் ஒட்டுவது எப்படி என்பதற்குத்தான் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். ஒட்டாமல் விடுவதற்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு முழுத் தாளை மெஷினில் செருகி, நடுவில் ஒரே ஒரு வரி அடித்தேன். தமிழில் சொன்னால், 'ஏழுமலை நல்ல மனிதர். கம்பளியை அவர் எடுக்கவில்லை.' நல்ல என்பதற்கு 'குட்'. எடுக்கவில்லை என்பதற்கும் சின்னச் சின்ன மொட்டை வார்த்தைகள். மூன்றாவது வகுப்புப் பையனுக்குத் தெரிந்த இங்கிலீஷ். கேப்டன் அதை வாசித்தார். "நீ இங்கே வந்ததிலிருந்து அடித்ததில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் காகிதம் இதுதான்," என்று சொல்லி, கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே கிடங்கிலிருந்து நேராகத் திருமழிசைக்குச் சைக்கிள் மிதித்தேன். ஏழுமலையைக் கூப்பிடவில்லை. இன்னொரு முறை அந்த மனிதர் அந்த மோரைப் பாதியில் கீழே வைப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பில்லு மாமா காகிதத்தை வாங்கினார். விரலை வைத்தார். விரல் நேராக ஓடியது, எங்கும் இடறவில்லை. கடைசிக்குப் போய்விட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் எதுவும் இல்லை.

"குட்," என்றார். "பின்னாடி ஒண்ணும் ஒட்டலியே?"

"இல்லை, ஐயா."

"உதுரவும் இல்லியே?"

"இல்லை."

"குட்டுன்னா குட்டுதான?"

"குட்டுதான், ஐயா."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில், இரண்டு பேனாவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, விரலை மடக்கி, என் உச்சந்தலையில் நச்சென்று ஒன்று வைத்தார். கண்ணில் பூச்சி பறந்தது.

"அந்தக் குட்டு அவருக்கு. இந்தக் குட்டு உனக்கு, ஹார்ட்ஷிப்புக்கு," என்றார். "போய் முகூர்த்தம் பாக்கச் சொல்லு."

தலையைத் தடவிக்கொண்டே சைக்கிள் மிதித்துக் கரையான்சாவடிக்கு வந்து அந்த வீங்கிய இடத்தைக் காட்டித்தான் நல்ல செய்தியைச் சொன்னேன். ஏழுமலை தொட்டுப் பார்த்து, "நல்லா வெச்சுகீறாருபா," என்று சந்தோஷப்பட்டார். அன்றைக்கு முனியம்மா ஊற்றிய ரசத்தில் தட்டே மிதந்தது.

கல்யாணம் நடந்தது. வாசலில் நின்று வந்தவர்களை அழைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள், ஈ என்றால் மொய்க்கத்தானே வேண்டும் என்று சொல்லி. திருமழிசைக்காரர்கள் மூன்று வண்டியில் மொத்தமாய் வந்து இறங்கியபோது அவசரத்தில் என் வாயில் "லாபா, லாபா" என்றுதான் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "வாய்ல வெத்தலய வெச்சுகினு கூப்புடாதபா, வா சரியா வுழல," என்று கடிந்துகொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை கஸ்தூரி வண்டியில் ஏறினாள். ஏழுமலை மாட்டுக் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார். வரதன் குடையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு தான் ஏறினான். வண்டி நகர்ந்தது. எனக்கு ரங்கூன் கப்பல்துறை ஞாபகம் வந்தது. அங்கே எங்கள் பக்கத்து வீட்டு மௌங் போ என்னை வழியனுப்ப வந்திருந்தான். அவனைக் கிளப்ப யாரும் வரவில்லை, அது அவன் ஊர். கப்பல் விலகும்போது கையை வாயில் குவித்து அவன் கத்தினான்: "ப்யன் லாபா!" திரும்பி வாருங்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூட நாள் முதல் என்னை வாடா போடா என்று கூப்பிட்டவன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'பா' ஒட்டினான். அதைக் கேட்டுக்கொண்டு நான் பதில் எதுவும் கத்தவில்லை. இவன் எதற்குத் திடீரென்று மரியாதை கொடுக்கிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் கப்பல் தூரம் போய்விட்டது.

இப்போது வண்டி பூந்தமல்லிப் பக்கம் திரும்பப்போகும் நேரம். நான் கையைக் குவித்து, "ப்யன் லாபா!" என்று கத்தினேன்.

கஸ்தூரி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா சொன்னே? காதுல வுழல!"

"என்ன விழுந்தது?"

"கடசீல பா-ன்னு மட்டும் வுழுந்துச்சி!"

"அதேதான்!" என்று கத்தினேன்.

"வரேன்பா!" என்றாள்.

வண்டி திரும்பிவிட்டது. நான் ரோட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் பட்டாள லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "நவுருபா!" என்றான். நான் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.